கூப்பாடு மாமாவும் நடுமேட்டுக் குரங்குகளும்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் பேர் கூப்பாடு. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டுதான். அதைச் சொல்லி விசாரித்தீர்களானால், அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறவர்கள்கூட அப்படி ஒரு ஆள் இந்தப் பக்கமே கிடையாது என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூப்பாடு என்று கேட்டால் நண்டும் சிண்டும் கை காட்டும்.

சண்டைக்காரர் என்பதால் வந்த பேர் அல்ல. மனிதர் வீட்டில் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. அக்கா ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். அதே ஆளைக் காட்டு ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், ஜீப்பின் கண்ணாடி அதிரும். குரங்குச் சத்தம். எங்கள் காட்டில் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை போட்ட ஒரு குரங்கு இருக்கிறது. புருவக்காரன் என்போம். ஆளைக் கண்டால் உச்சிக் கிளைக்குப் போய்விடும், தரையில் கால் வைக்காது. அதைக் கண்ணால் பார்ப்பது குதிரைக் கொம்பு, காதால் கேட்கத்தான் முடியும். விடிந்ததும் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுக்கும். அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, கடைசியில் ஒரு சுழற்று சுழற்றி நிறுத்தும். அதை அச்சுப் பிசகாமல் போடத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இரண்டே பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் பின்னால் வருகிறார்.

மாமா இந்த வித்தையை லாரியில் கற்றுக்கொண்டார். அப்போது அவர் மர லாரியில் கிளீனர். லோடு ஏற்றக் காட்டுக்குள் லாரி நிற்கும். வெட்டிய கட்டையை இழுத்து வருகிற வரைக்கும் வேலை கிடையாது. டிரைவர் சீட்டில் காலை நீட்டித் தூங்குவார். இவர் பானெட் மேல் உட்கார்ந்துகொண்டு, மேலே கத்துகிற குரங்குக்குப் பதில் கத்துவார். டிரைவர் தூக்கம் கெடட்டும் என்கிற நல்லெண்ணம்தான் முதலில். கொஞ்ச நாளில் பார்த்தால் குரங்கு இவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆண் குரல் போட்டால் பெண் பதில் சொல்லும். பெண் குரல் போட்டால் ஆண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். டிரைவர் எழுந்து உட்கார்ந்து, "டேய், உனக்குப் பொண்ணு பாக்க வீட்டுல ஆள் இல்லையா, இங்க வந்து பாக்குற?" என்று கேட்டாராம்.

அந்த லாரியில்தான் பல்லும் போனது. ஈரக் கட்டைமேல் நின்று சங்கிலியை இழுத்தவர் வழுக்கி, பக்கப் பலகையில் மோதி, மேல் வரிசை முன்பல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் கூப்பாட்டின் கடைசியில், அந்தச் சுழற்றல் முடிகிற இடத்தில், 'புஸ்' என்று கொஞ்சம் காற்று போகும். குரங்குகள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாங்கள்தான் கேலி செய்தோம்.

அக்காவை அவருக்குக் கொடுக்கிற பேச்சு வந்தபோது நான் குறுக்கே நின்றேன். மரம் ஏற்றுகிற ஆள், வாயில் பல்லும் இல்லை, இவனா என்று கேட்டேன்.

"பல்லு இல்லாட்டி நல்லதுதானேடா, கடிக்க மாட்டார்" என்றாள் அக்கா.

கல்யாணப் பந்தலுக்கு வாழை மரம் கட்டியது நான்தான்.

லாரிக்குப் பிறகு அறுப்பு மில். மில்லில் மரம் அறுத்து அறுத்து, அறுக்க மரம் இல்லாத நாள் ஒன்று வந்தது. கம்பெனி கதவைச் சாத்திவிட்டு வேறு ஊர் பார்த்துப் போனது. அது விட்டுப்போன மிச்சம் இவ்வளவுதான். வடக்கே ஒரு காடு, தெற்கே ஒரு காடு, நடுவில் மொட்டையடித்த ஒரு மேடு. மேட்டுக்கு நடுமேடு என்று பேர். வேலை போனவர்களில் சில குடும்பங்கள் அந்த மொட்டையில் போய் உட்கார்ந்தன. அக்காதான் முதலில் மண்வெட்டியோடு ஏறியவள். ஓடைக்கரையில் மட்டும் கம்பெனிக்காரன் கைக்கு எட்டாமல் கொஞ்சம் பெரிய மரங்கள் தப்பியிருந்தன. மற்ற இடத்திலெல்லாம் காப்பி வைத்தாள், மிளகு ஏற்றினாள், ஆரஞ்சு நட்டாள். வீடு முதலில் தார்ப்பாய். பிறகு தகரக் கூரை. பிறகு சிமெண்டுத் தரை. சமையலறைக்கு ஒரு ஜன்னல் வேண்டும், புகையில் கண் போகிறது என்று வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாமா ஒன்றும் பேசாமல் சுவரை இடித்து, மில்லில் கிடந்த பலகையில் சட்டம் அடித்து, ஓடையைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார். அக்கா அதற்கு நீல வர்ணம் பூசினாள். வீட்டுக்கு யார் போனாலும் டீக்கு முன்னால் ஜன்னலைத்தான் காட்டுவாள்.

மாமாவுக்கு வன அலுவலகத்தில் காவல் வேலை கிடைத்தது. நான் அங்கேதான் ஜீப் ஓட்டுகிறேன். நான் சொல்லித்தான் கிடைத்தது என்பதை அவர் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதை விடுங்கள்.

எங்கள் ஆபீசுக்குப் புது அதிகாரியாக மேடம் வந்தார். சின்ன வயசு. காட்டில் நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது. புருவக்காரன் அழிந்துகொண்டு வருகிறான், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற ஒரு காப்பகத்துக்குத் திட்டம் போட வேண்டும், அதற்குத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். காப்பகம் என்றால் வேறொன்றுமில்லை, வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் கோடாலி கூடாது, குவாரி கூடாது, குடியிருப்பும் கூடாது. கோட்டை எங்கே போடுவது என்பதற்குக் குரங்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். குரங்கு கண்ணில் படாது. ஆகவே விடியற்காலையில் ஒரு ஆளை நிறுத்தி, கூப்பிட வைத்து, பதில் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை குரல் என்று கேட்டுக் குறிப்பார்கள்.

தென்காட்டுக்கு மாமாவைப் போட்டார்கள். வடகாட்டுக்கு நான் முன்னால் சொன்ன அந்த இரண்டாவது ஆள், பஸ் நிலையத்துக்கு எதிரில் சலூன் வைத்திருக்கிறவர். கைக்கு வேலை இருக்கிற நேரமெல்லாம் வாய் விசிலடிக்கும். எந்தப் பாட்டானாலும் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் விடுவார். குரங்குக் குரலும் அப்படியே. ஆபீஸ் கொடுத்த தொப்பியையும் பூட்சையும் போட்டுக்கொண்டு அவர் கடை திறந்த அழகைப் பார்க்க வேண்டும். முடி வெட்ட வந்தவனெல்லாம் சல்யூட் அடித்தான்.

மேடம் வேலையில் கெட்டி. "ஒரே கூட்டம் இன்னிக்கு இங்க இருக்கும், நாளைக்கு அந்தப் பக்கம் போயிடும். தனித்தனி நாள்ல எண்ணினா ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணிடுவோம். அதனால ரெண்டு பேரும் ஒரே காலையில நில்லுங்க" என்றார். நியாயமான பேச்சு. அப்படியே நின்றார்கள். மழை விட்ட மறுநாள் காலைகளாகப் பார்த்து நின்றார்கள், அப்போதுதான் காற்று அடங்கி, சத்தம் சுத்தமாகக் கேட்கும்.

வடகாட்டில் புருவக்காரர்கள் நல்லபடி இருந்தார்கள். தென்காட்டில் கொஞ்சம் இருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. மாமாவுக்கு வடக்கிலிருந்து ஒரு கூட்டம் தூரத்தில் பதில் சொன்னது. சலூன்காரருக்குத் தெற்கிலிருந்து ஒரு கூட்டம் பதில் சொன்னது. வரைபடத்தில் இரண்டு பேர் கை காட்டிய திசையையும் இழுத்தால் நடுமேடு வழியாகத்தான் போகிறது. மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மொட்டை மேட்டிலும் குரங்கு இருக்கிறது என்றால் இரண்டு காடும் ஒரே காடாகிவிட்டது என்று அர்த்தம். மூன்றையும் சேர்த்து வளைத்து ஒரு சிவப்புக் கோடு போட்டார். மேட்டுக் குடும்பங்களுக்குக் கீழே ஊருக்குள் வரிசை வீடு கட்டித் தருவதாக ஏற்பாடு. பள்ளிக்கூட ஹாலில் ஊர்க் கூட்டம் போட்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டு மேலே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

கோட்டுக்குள் அக்கா வீடு. நீல ஜன்னலோடு.

அன்றைக்கு நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது.

"நான் இங்கயே குடியிருக்கேன். ஒரு குரங்கு வாலைக்கூடக் கண்டதில்லை" என்றாள் அக்கா.

"அது கண்ணுல படாது. காதுலதான் படும்" என்றார் மாமா.

"என் காதைக் கழட்டி வேலியில மாட்டியா வச்சிருக்கேன்?"

மாமா சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூட்டம் இருக்குடி. நான் கூப்பிட்டா பதில் சொல்லுது. நல்ல எடுப்பான குரல்."

"பொண்டாட்டி கூப்பிட்டா பதில் வராது. குரங்குன்னா உடனே பேச்சு வார்த்தை! டேய் தம்பி, இந்த மனுஷன் அங்க போய் என்னடா பேசுறார்? குடும்ப விஷயமா?"

நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி தம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"நீ போய் இல்லைன்னு சொல்லிடேன்" என்று மாமாவிடம் திரும்பினாள், குரல் இறங்கி. "உன் வாய்தானே சொல்லிச்சு, உன் வாயே இல்லைன்னு சொல்லட்டும்." கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய்விடும்.

"இருக்குறதை எப்படி இல்லைன்னு சொல்றது?"

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அதற்கப்புறம் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு வரும், டீ வரும், பேச்சு வராது. வழக்கமாகப் பேசாமல் இருப்பவர் மாமாதான். இப்போது அந்த இடத்தையும் அக்கா எடுத்துக்கொண்டதால் மனிதருக்கு வீட்டில் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. ராத்திரி காவல் என்று சொல்லி ஆபீஸ் பெஞ்சில் படுத்தார். அவருக்கும் அந்த வீடுதான் எல்லாம். அதைச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊர்க் கூட்டம் நெருங்கியது. மேடையில் நிற்க வேண்டியிருக்கும், முடியாவது வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான்தான் மாமாவைச் சலூனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடையில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. ஒரு நாற்காலியில் ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டதால் அதில் பேப்பர் அடுக்கியிருக்கும். மற்றதில் மாமாவை உட்கார வைத்து, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி கட்டி, சலூன்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் வெட்டி முடிகிற வரைக்கும் ஊர் வம்பு. பிறகு குரங்குக்கு வந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் பதில் சொன்ன அதே நடுமேட்டுக் கூட்டம் எனக்கும் பதில் சொல்லிச்சு, தெரியுமில்ல? அதுல ஒரு கிழட்டு ஆண் இருக்கு. அதை எந்தக் காட்டுல விட்டாலும் நான் அடையாளம் சொல்லிடுவேன்."

"எப்படி?"

"போட்டுக் காட்டவா?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கை இரண்டையும் குவித்தார். அடித்தொண்டையில் எடுத்து, ஏற்றி, சுழற்றி, கடைசியில் 'புஸ்' என்று விட்டார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் மாமாவைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு மேலே தலை மட்டும் இருந்தது, பாதி வெட்டியது பாதி வெட்டாதது. கண் இமைக்கவில்லை.

"கடைசில என்னய்யா அது?" என்றார்.

"அதாண்ணே அடையாளம். வயசாயிடுச்சு இல்லையா, மூச்சு பத்தலை. பாவம், இந்த வயசுலயும் ஜோடி தேடிக் கத்துது."

மாமா துணிக்குள்ளிருந்து கையை எடுத்து வாயில் குவித்தார். அந்தச் சின்னக் கடைக்குள் உட்கார்ந்தபடியே முழுக் கூப்பாடும் போட்டார். ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். கடைசி 'புஸ்' கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது.

சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ... நீங்க கேட்ட குரல்?" என்று கேட்டார்.

"கடைசில ஒரு விசில் இழுப்பு இருக்கும்" என்றார் மாமா.

இப்போது சலூன்காரர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மழை விட்ட காலையில் காற்றில்லாத மேட்டுக்கு மேலே இந்தக் காட்டிலிருந்து அவரும் அந்தக் காட்டிலிருந்து இவரும் மாற்றி மாற்றிக் குசலம் விசாரித்திருக்கிறார்கள். மாமா சும்மா ஒரு குரல் போடுகிற ஆளும் இல்லை. பதில் வந்துவிட்டால் ஆண், பெண், குட்டி என்று குடும்பமே நடத்திக் காட்டுவார். சலூன்காரரும் அதில் சளைத்தவர் இல்லை. நடுமேட்டுக் கூட்டத்தில் பாதி மாமா, பாதி சலூன்காரர்.

மாமா எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"அண்ணே, அண்ணே, இருங்க." சலூன்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா என் கடையில எவன் வந்து தலையைக் கொடுப்பான்? நாளையிலேருந்து ஊரே என்னைப் பாத்துக் கத்தும்ண்ணே."

"என்னைப் பாத்தும்தான் கத்தும்" என்று சொல்லிவிட்டு மாமா இறங்கி நடந்தார். நானும் கூடவே போனேன். அவர் ஜீப்பில் ஏறியபோது சலூன்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அண்ணே, துணி!"

கழுத்தில் கட்டிய துணியை அவிழ்க்காமலே வந்துவிட்டிருந்தார்.

நான் வண்டியை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே போவது என்று தெரிய வேண்டுமே. "மாமா, கொஞ்சம் யோசிங்க" என்றேன். "இப்போ போய் மேட்டுல குரங்கு இல்லைன்னு நீங்க சொன்னா யார் நம்புவா? வீடு போகுதுன்னு பொய் சொல்றான்னுதான் சொல்லுவாங்க. அதோட முடியாது. குவாரிக்காரர் வாயைப் பிளந்துகிட்டு நிக்கிறார்."

வடகாட்டு அடிவாரம் முழுக்கப் பாறை. அதன்மேல் அந்தக் குவாரி முதலாளிக்கு எத்தனையோ நாளாகக் கண். குரங்குக் கணக்கில் ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், மொத்தக் கணக்கும் பொய் என்று கூட்டத்தில் எழுந்து நிற்பார். அப்புறம் வடகாட்டில் உண்மையாகவே இருக்கிற கூட்டத்துக்கும் கோடு கிடைக்காது. வாயைத் திறந்தால் வீடு பிழைக்கும், காடு போகலாம். திறக்காவிட்டால் காடு பிழைக்கும், வீடு போகும். வடகாட்டின் பாதியைத் தன் கையால் லாரியில் ஏற்றியவர் மாமா. மிச்சப் பாதியும் தன் வாயால் போனதாக இருக்க வேண்டுமா?

இதெல்லாம் அவருக்கும் தெரியும். கண்ணாடியைத் திருப்பித் தன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீசுக்கு விடு மாப்ளே."

"அரைத் தலையோடயா?"

"முழுத் தலையை வச்சுகிட்டு என்ன கிழிச்சோம்? விடு."

மேடம் வரைபடத்தின்மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்தவர் முதலில் மாமாவின் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமா அப்படியே நின்றபடி சொல்லி முடித்தார். அவர் வாழ்நாளில் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேடம் மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னார்.

"நடுமேட்டுல உங்க வீடு இருக்குதானே அண்ணா?"

"இருக்குங்க."

"நான் நம்பினாலும் மத்தவங்க நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க."

"வடகாட்டுக் கணக்கும் பொய்னு குவாரிக்காரர் கிளப்புவார். தெரியுமா?"

"தெரியும். இப்போதான் மாப்ள ஜீப்புல சொன்னான்."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

மாமா வெட்டாத பக்கத்து முடியைக் கையால் அமுக்கிவிட்டுக்கொண்டார். "மேட்டுல குரங்கு இல்லை இல்லைன்னு வீட்டுல அவ சொன்னா. நான் நம்பலை. அவ சொன்னதுதான் சரி. அதை யார்கிட்டயாவது சொல்லணும்ல?"

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். சந்தோஷமாகப் போட்ட கோடு. திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஒரே காலையில உங்க ரெண்டு பேரையும் நிறுத்தினது நான்" என்றார். "அவ்வளவு தூரம் சத்தம் தாண்டும்னு நான் யோசிக்கலை. இது உங்க ரெண்டு பேர் தப்பு மட்டும் இல்லைண்ணா." அப்புறம் என்னிடம் திரும்பினார். "குவாரிக்காரரைக் கூட்டத்துல பாக்க வேணாம். முன்னாடியே கூப்பிட்டுடலாம். நடுமேட்டுக்கு. காதால கேட்டுட்டுப் போகட்டும்."

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் விடியலில் வானம் வெளுத்தது. மாமாவைத் தென்காட்டிலும் சலூன்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வடகாட்டிலும் இறக்கிவிட்டு, நான் மேட்டுக்கு வந்தேன். அக்கா வீட்டு முற்றத்தில் மேடம், மேட்டுக் குடும்பங்கள், கம்பளி மப்ளர் சுற்றிய குவாரிக்காரர். அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். இவ்வளவு பேருக்கு ஜன்னலைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தும் காட்டவில்லை. அவளுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. கேட்க வேண்டியவரோடுதான் பேச்சே இல்லையே.

தெற்கிலிருந்து முதல் குரல் வந்தது. தூரம்தான், ஆனாலும் சுத்தமாக வந்தது. முடிவில் புஸ்.

"இது எங்க வீட்டுக்காரர்" என்றாள் அக்கா, தம்ளரைக் கழுவிக்கொண்டே.

மேடம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை வருஷமா கேக்குறேன்? அந்தப் புஸ் யாருக்கு வரும்? தினம் வேலைக்குப் போய்க் கத்துறார்னு தெரியும். அதைத்தான் நீங்க குரங்குன்னு குறிச்சுகிட்டீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

வடக்கிலிருந்து சலூன்காரர் விசில் இழுப்போடு பதில் சொன்னார். மேட்டுக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் டீயைத் துப்பினார். இரண்டு பேரும் மூன்று தடவை பேசிக்கொண்டார்கள். நடுவில், நாங்கள் நிற்கிற மேட்டில், ஒரு சருகு அசையவில்லை. குவாரிக்காரர் மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களாம்மா? உங்க குரங்கு ஒண்ணு முடி வெட்டுது, ஒண்ணு காவல் பாக்குது. இதை வச்சு என் வயித்துல அடிக்கப் பாத்தீங்க. மொத்தமும் இந்த லட்சணம்தான். கூட்டத்துல பேசிக்குறேன்."

"இன்னும் கொஞ்சம் நில்லுங்க" என்றார் மேடம். "இனிமே ரெண்டு பேரும் கத்த மாட்டாங்க. வாயை மூடிக்கச் சொல்லியிருக்கேன்."

நின்றோம். கூப்பாடு ஓய்ந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும். எத்தனையோ காலை வடகாட்டில் கேட்டவன்தான் நான். ஆனால் கேட்க வேண்டிய அன்றைக்கு அது கத்தாமல் போனால்? காலை இழுத்தா கத்தச் சொல்ல முடியும்?

குவாரிக்காரர் இரண்டு அடி எடுத்து வைத்திருப்பார். வடகாட்டு அடிவாரத்திலிருந்து, சரியாக அவருடைய பாறைக்கு மேலே, ஒரு குரல் எழுந்தது. புஸ் இல்லை, விசில் இல்லை. அதைத் தொட்டுக்கொண்டு இன்னொன்று, பின்னால் இன்னும் பல. ஏறி ஏறி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மேடு முழுக்க வந்து மோதியது. இவ்வளவு நேரம் நாங்கள் கேட்டது எவ்வளவு சின்னச் சத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா அச்சுப் பிசகாமல் போடுவார் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? பிசகத்தான் செய்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இது யார்? பஸ் கண்டக்டரா?" என்று அக்கா குவாரிக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

ஊர்க் கூட்டத்தில் மேடமே எழுந்து நடந்ததைச் சொன்னார். ஹாலே கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரித்தது. மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், இப்போது முழுத் தலையும் வெட்டியிருந்தது. சலூன்காரர் பயந்தபடி கடை படுத்துவிடவில்லை. குரங்குக்கு ஜோடி பார்த்த சலூன் என்று பேராகி, பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து தலையைக் கொடுத்தார்கள். குவாரிக்காரர் எழுந்தார், கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்றைக்கு முற்றத்தில் டீ குடித்தவர்கள் எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டுக்குத் தார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முடிவைத் தள்ளி வைத்து, ஒரு நாளைக்கு ஒரு காடாக மறுபடி எண்ணி, வடகாட்டுக்கு ஒரு கோடு, தென்காட்டுக்கு ஒரு கோடு என்று போட்டார்கள். நடுமேடு வெளியே.

மேடம் முகத்தில்தான் களை இல்லை. இரண்டு காடும் தனித்தனியாக நின்றால் அதனதன் குரங்கு அதனதன் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்து, நாளடைவில் வம்சம் நோஞ்சானாகி அற்றுப்போகும் என்று எங்களுக்கு விளக்கினார். மேட்டுக்காரர்களிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். ஓடைக்கரையில் நிற்கிற பெரிய மரங்களை வெட்டாமல் விட வேண்டும், விட்டுப்போன இடத்தில் நாற்று வைக்க வேண்டும். தரையில் இறங்காத ஜென்மம், கிளைக்குக் கிளை இருந்தால் என்றைக்காவது கடக்கும்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். ஓடைக்கரையில் பாதி அவளுடையது. நிழல் விழுந்து காப்பி காய்க்கவில்லை என்று அந்த மரங்களை வெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"என் ஜன்னலை மறைக்காம நடுவீங்களா?" என்றாள்.

"மறைக்காது."

"அப்போ வச்சுக்குங்க. ஆனா ஆரஞ்சைத் தொட்டா நான் பேச மாட்டேன், கல்லுதான் பேசும்."

இது நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஓடைக்கரை நாற்றெல்லாம் இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. மேடம் மாற்றலாகிப் போய், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆபீசில் அதற்கப்புறம் ஒரு சட்டம் வந்தது. எண்ணப் போகிற ஆள் வாயைத் திறக்கவே கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். மாமாவுக்கு அது பெரிய அடி. குரல் கேட்டால் கை தானாக வாய்க்குப் போகும், பாதி வழியில் நிறுத்தி மீசையைத் தடவிக்கொள்வார். ஆனால் அந்தச் சட்டத்தைத் தாண்டி அவர் ஒரு தடவைகூடக் கூப்பாடு போட்டதில்லை, வீட்டிலும் இல்லை. பேர் மட்டும் கூப்பாடு என்றே நிற்கிறது.

போன மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலை, ஆரஞ்சு மூட்டை ஏற்ற நான் மேட்டுக்குப் போயிருந்தேன். மாமா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார், மிச்சப் பல்லை. வாய் நிறையத் தண்ணீர். அப்போது ஓடைக்கரையில், ரொம்பப் பக்கத்தில், குரல் ஒன்று கிளம்பியது.

"என்னங்க இது, விடிஞ்சதும் ஆரம்பிச்சாச்சா?" என்று சமையலறையிலிருந்து அக்கா சத்தம் போட்டாள். "சட்டம் ஆபீசுக்கு மட்டும்தானா?"

மாமா அசையவில்லை. கன்னம் இரண்டும் உப்பியபடி என்னைப் பார்த்தார். குரல் மறுபடியும் வந்தது. சுழற்றி முடித்தது, சுத்தமாக. காற்று போகவில்லை.

நீல ஜன்னல் திறந்தது. அக்கா தலையை நீட்டினாள். தண்ணீர் வாயோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள், ஓடைக்கரையைப் பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கை கிளையை எட்டிப் பிடித்து, அடுத்ததற்குப் போயிற்று. தெற்கே பார்த்துப் போயிற்று.

மாமா வாயிலிருந்த தண்ணீரை விழுங்கிவிட்டார். பல்பொடியோடு.

"மாப்ளே, வண்டியை எடு" என்றார். "ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடலாம்."

சொன்னால் கோடு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பும். மாமாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஜீப்பில் கால் வைத்தவர் நின்று, திரும்பி ஜன்னலைப் பார்த்தார். முன்பு ஒரு தடவை அவளைக் கேட்காமல் சொல்லித்தான் அவ்வளவும் வந்தது. இந்தத் தடவை கேட்டார், வாயால் இல்லை, புருவத்தால்.

அக்கா ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள். "ஆனா இந்த வழியாப் போச்சுன்னு சொல்லுங்க. குடிவந்துச்சுன்னு சொல்லிடாதீங்க."